எழுத்துக் கூட்டினால் போதுமா?

கொழுந்து என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். நீலகிரியின் தேயிலைத் தோட்டத்தில் வளரும் பிள்ளைக்கு இதைவிட நெருக்கமான சொல் அதிகம் இருக்காது. அம்மா காலையில் போவது கொழுந்துக்கு. மாலையில் தராசில் தொங்குவது கொழுந்து. சம்பளச் சீட்டில் கிலோக் கணக்காக ஏறுவதும் அதுதான். ஒரு மொட்டும் இரண்டு இலையுமாகக் கிள்ளும் விதம் ஆறு வயதிலேயே அந்தப் பிள்ளைக்குத் தெரியும். அதே சொல் கரும்பலகைக்குப் போனதும் விஷயம் வேறாகிவிடுகிறது.

முதல் எழுத்து 'கொ'. கண்ணில் முதலில் படுவது ஒற்றைக்கொம்பு. அதற்குத் தனியாக ஓசை கிடையாது. அடுத்தது க, அதற்கடுத்தது துணைக்கால். கண் கொம்பில் தொடங்க, வாய் க்-இல் தொடங்க வேண்டும். இடமிருந்து வலமாகப் படி என்று சொல்லிக்கொடுத்த மறு மாதமே, கொம்பையும் காலையும் ஒன்றாக்கி நடுவில் நிற்கும் எழுத்துக்குப் பின்னால் ஒலி என்கிறோம். பிறகு ழு, ந், து. ழுவிலும் துவிலும் இருப்பது ஒரே உகரம். ஆனால் ஒன்று எழுத்தின் அடியில் சுழிக்கிறது, மற்றது பக்கத்தில் நிமிர்கிறது. கடைசித் த-வும் 'தம்பி'யில் வரும் த அல்ல. மெல்லினத்துக்குப் பின்னால் வந்ததால் குழைந்து ஒலிக்கிறது. நான்கெழுத்துச் சொல் ஒன்றுக்குள் இவ்வளவு வேலை.

தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளை இதையெல்லாம் தட்டுத்தடுமாறிக் கடந்து சொல்லின் முடிவுக்கு வரும்போது அங்கே ஒரு வெகுமதி இருக்கிறது. "ஓ, கொழுந்தா!" அந்த ஒரு கணத்துக்காகத்தான் அது அடுத்த சொல்லையும் கூட்டிப் பார்க்கிறது. வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளையும் அதே கொம்பையும் காலையும் கடந்து வருகிறது. முடிவில் 'ஓ' என்று சொல்ல ஒன்றுமில்லை. ஓசை வந்துவிட்டது, ஆசிரியர் தலையசைத்துவிட்டார், அவ்வளவுதான். "வாசிக்கிறான் சார், கேள்வி கேட்டாத்தான் முழிக்கிறான்" என்று மலைப்பள்ளி ஆசிரியர்கள் சொல்வதன் உள்விவரம் இது. பிள்ளை முழிப்பதில் ஆச்சரியமில்லை. அதன் கையில் கொடுத்தது பாதி வாசிப்பு.

1986ஆம் ஆண்டில் பிலிப் காஃப், வில்லியம் டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வாசிப்பை ஒரு பெருக்கல் கணக்காக எழுதிக் காட்டினார்கள். எழுத்துக் கூட்டும் திறனை, அந்த மொழியைக் காதால் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனால் பெருக்கினால் கிடைப்பது வாசிப்பு. கூட்டல் என்று அவர்கள் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கூட்டலாக இருந்தால் ஒன்றில் குறைந்ததை இன்னொன்றில் ஈடுகட்டலாம். பெருக்கலில் ஒரு பக்கம் பூஜ்யமானால் விடை பூஜ்யம். நாற்பதாண்டுகளாக இந்தக் கணக்கைப் பலர் திருத்தியும் விரித்தும் இருக்கிறார்கள். அடிப்படையை யாரும் தூக்கி எறியவில்லை. நம் பள்ளிகளில் நடக்கும் வாசிப்புப் பயிற்சியில் ஏறத்தாழ முழுவதும் இந்தப் பெருக்கலின் முதல் எண்ணுக்கே போகிறது. நீலகிரியில் பல பிள்ளைகளுக்குச் சிக்கல் இரண்டாவது எண்ணில்.

முதல் எண்ணும் சுலபமில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம், ஆக 247. ஆங்கிலப் பிள்ளைக்கு 26 எழுத்துதானே என்று ஒப்பிடுவது நியாயமில்லைதான். அங்கே சிக்கல் எழுத்தின் எண்ணிக்கையில் இல்லை, எழுத்துக்கும் ஓசைக்கும் உள்ள உறவில் இருக்கிறது. கன்னடப் பிள்ளைகள் எழுத்துக் கற்கும் வேகத்தை ஆராய்ந்த சோனாலி நாக், முழு எழுத்துத் தொகுதியும் கைவசமாக நான்காம் வகுப்புவரைகூட ஆகிறது என்று 2007இல் எழுதினார். தமிழும் அதே குடும்பத்து எழுத்துமுறைதான். ணா, றா, னா, லை, ளை போன்றவற்றின் பழைய வடிவங்களை 1978 எழுத்துச் சீர்திருத்தம் மாற்றியது பிள்ளைகளுக்கு ஓரளவு உதவியது. உகரத்தின் பல முகங்களை அது தொடவில்லை. ஆகவே, இரண்டாம் வகுப்பு முடிவதற்குள் எல்லா எழுத்தும் வந்துவிட வேண்டும் என்ற அவசரத்துக்கு ஆய்வில் ஆதாரம் குறைவு. வராவிட்டால் பிள்ளை மந்தம் என்பதற்கு ஆதாரமே கிடையாது.

இனி மலைக்கு வருவோம்.

2011 கணக்கெடுப்பில் நீலகிரி மாவட்டத்தின் எழுத்தறிவு 85.2 விழுக்காடு, மாநிலத்தின் சராசரி 80.1. இதை மட்டும் பார்ப்பவர் இங்கே என்ன குறை என்று கேட்பார். அதே கணக்கெடுப்பில் தமிழகப் பழங்குடியினரின் எழுத்தறிவு 54.3 விழுக்காடு. தமிழ்நாட்டில் மிகவும் நலிந்தவை என்று அரசு வகைப்படுத்தியிருக்கும் ஆறு பழங்குடிகளான தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய அனைவரும் நீலகிரியில் இருக்கிறார்கள். மாவட்டச் சராசரி அவர்கள்மேல் போர்த்திய கம்பளி.

ஒவ்வொருவருக்கும் ஒரு மொழி. அதற்குமேல் பழங்குடிப் பட்டியலில் இல்லாத படுகர்களின் மொழி; 2011இல் அதைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 1.33 லட்சம் பேர், கணக்கெடுப்பு அதைக் கன்னடத்தின் கீழ் வைத்தது. பத்தாயிரம் பேருக்குக் குறைவாகப் பேசும் மொழிகளைக் கணக்கெடுப்பு பெயர் சொல்லி வெளியிடுவதில்லை என்பதால் தோடர் மொழி அட்டவணையில் தெரியாது. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் மலையாளமும் கன்னடமும் புழங்குகின்றன. தேயிலைத் தோட்டங்களுக்கு அண்மைக் காலத்தில் ஜார்க்கண்ட், அசாம், ஒடிசாவிலிருந்து குடும்பங்கள் வேலைக்கு வந்திருக்கின்றன. அவர்கள் பிள்ளைகள் சாத்ரியோ இந்தியோ பேசிக்கொண்டு தமிழ்வழி வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆறு தாலுகா கொண்ட சின்ன மாவட்டம் இது. ஒரே பெஞ்சில் மூன்று வீட்டுமொழி இருப்பது இங்கே அதிசயமில்லை.

மொழிநூலாருக்கு இந்த மலை எப்போதும் விருந்து. மர்ரே எமனோ 1930களில் இங்கே தங்கிக் கோத்தர், தோடர் மொழிகளைக் காதால் கேட்டே எழுதியெடுத்தார். படுக மொழியின் உயிரொலிகளைப் பற்றி 1939இல் அவர் எழுதிய கட்டுரை, நாவை மடித்து ஒலிக்கும் உயிர்கள் அதில் இருப்பதை உலகுக்குச் சொன்னது. அப்படி ஓர் உயிரைக் குறிக்கத் தமிழ் எழுத்தில் வழியில்லை, கன்னடத்திலும் இல்லை. தமிழில் பால் என்பது படுகில் ஹாலு, பெண் என்பது ஹெண்ணு. இவ்வளவு நெருங்கிய உறவுதான், ஆனால் ஆறு வயதுப் பிள்ளைக்கு அந்த உறவு தானாகத் தெரிந்துவிடாது. ஹாலு என்று சொல்லும் பிள்ளையிடம் 'பா'வை அறிமுகப்படுத்தப் பால் டம்ளர் படத்தைக் காட்டினால், படம் ஒன்றும் ஓசை இன்னொன்றும் சொல்லும். ஆசிரியர் படுகராக இருந்தால் சிரித்துக்கொண்டே இரண்டையும் சேர்த்துவிடுவார். படுகரில் ஆசிரியர்கள் நிறையப் பேர் உண்டு. அந்தச் சமூகம் கல்வியில் முன்னேறியதற்கு நிலம், உருளைக்கிழங்கு, தேயிலை என்று பல காரணம் சொல்வார்கள். வகுப்பில் தன் மொழி தெரிந்த பெரியவர் ஒருவர் இருந்ததையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

படுக மொழி முதலில் அச்சேறியது கன்னட எழுத்தில். கேத்தியில் 1846இல் வேலை தொடங்கிய பாசல் மிஷன், லூக்காவின் சுவிசேஷத்தை 1852இல் படுக மொழியில் வெளியிட்டது. மிஷனுக்கு மதம் மாற்றும் நோக்கம்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் ஒரு காரியத்தை அவர்கள் சரியாகக் கண்டுகொண்டார்கள்: பேசும் மொழியில் இல்லாத எதுவும் உள்ளே இறங்காது. பிற்காலத்தில் அதே மொழி தமிழ் எழுத்திலும் ரோமன் எழுத்திலும் எழுதப்பட்டது. எந்த எழுத்து என்று இன்றும் சண்டை நடக்கிறது. பிள்ளையைப் பொறுத்தவரை அது இரண்டாம் பட்சம்.

தோட்டத்து லயன்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், கதை வேறு. 1964இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்க 1968இல் அரசு தொடங்கிய தேயிலைத் திட்டம்தான் பிறகு டான்டீ என்ற அரசு நிறுவனம் ஆனது. கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர் வட்டாரங்களில் அவர்கள் வாரிசுகள் மூன்றாம் தலைமுறையாகக் கொழுந்து பறிக்கிறார்கள். இவர்கள் வீட்டுமொழி தமிழே. ஆனால் பெரட்டு, செக்ரோல், லயக்காம்பரா என்ற தோட்டச் சொற்கள் கலந்த அந்தத் தமிழ் எந்தப் பாடநூலிலும் கிடையாது. 'வந்துச்சு' என்று பேசும் பிள்ளை 'வந்தது' என்று வாசிக்கக் கற்பது தமிழகம் முழுவதும் உள்ள இடைவெளிதான். தோட்டத்தில் அந்த இடைவெளியை நிரப்பும் பெரியவர் மாலை ஐந்து மணிவரை மலைச்சரிவில் நிற்கிறார்.

1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் 50 பெண் தொழிலாளர் உள்ள இடத்தில் பிள்ளைக் காப்பகம் வைக்கச் சொன்னது. ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் 25 பேருக்கு மேல் இருந்தால் கல்வி வசதி செய்யுமாறு தோட்ட முதலாளியைக் கட்டாயப்படுத்த மாநில அரசுக்கு அதிகாரமும் கொடுத்தது. காப்பகத்தில் பாலும் தொட்டிலும் இருக்கும்; கதைப் புத்தகம் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் கேட்டதில்லை. மூன்று வயதிலிருந்து ஐந்து வயதுவரை ஒரு பிள்ளை பகல் முழுவதும் அங்கே கழிக்கிறது. வாசிப்புக்கு அடித்தளம் விழும் வயது அது. காப்பகத்து ஆயாவுக்குக் கதை சொல்லத் தெரியும், பாட்டுத் தெரியும்; அது வேலையாக எண்ணப்படாததால் அவர் நாள் முழுவதும் பிள்ளைகளைத் தூங்கவைக்கிறார். இன்னொன்று: கூடலூர் ஜன்ம நிலச் சட்டத்தின் பிரிவு 17இல் உரிமை முடிவாகாமல் சிக்கிக் கிடந்த நிலங்களில் பல குடியிருப்புகளுக்கு நீண்ட காலம் மின் இணைப்பே மறுக்கப்பட்டது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் ஓவேலிப் பக்கம் நான்கரை மணிக்கே இருட்டும். வீட்டில் படி என்று சொல்வது எளிது.

இதே மலையில்தான் 1858இல் தொடங்கிய லவ்டேல் லாரன்ஸ் பள்ளி இருக்கிறது. கட்டடக் கலைஞர் சிஷோம் வரைந்த சிவப்புக் கட்டடத்தில் உறுப்பினர்களுக்கு மட்டுமான நீலகிரி நூலகமும் இருக்கிறது. நாட்டின் விலை உயர்ந்த வகுப்பறைகளில் சிலவற்றுக்கும் ஒற்றை ஆசிரியர் பள்ளிக்கும் நடுவே பேருந்தில் இரண்டு மணி நேரம். புத்தகம் இந்த மலைக்கு எப்போதோ வந்துவிட்டது, எல்லார் வீட்டுக்கும் போகவில்லை.

கூடலூரில் நடந்ததை நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் சிக்கலின் நடு இடத்தைத் தொட்ட முயற்சி அது.

பணியர் என்ற பெயரே பணி செய்பவர் என்று பொருள்படும். வயநாட்டிலும் கூடலூர்ப் பள்ளத்தாக்கிலும் தலைமுறை தலைமுறையாக நிலவுடைமையாளர்களிடம் பண்ணையடிமைகளாக இருந்தவர்கள். மானந்தவாடி அருகே வள்ளியூர்க்காவுத் திருவிழாவில் ஆண்டுக்கொருமுறை அவர்களை வேலைக்குப் பேசி முடித்த வழக்கம் பலரும் எழுதியது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல். அதற்குப் பத்தாண்டுகூட ஆகாத நிலையில், 1980களின் நடுவில், ஸ்டான் தேக்கேக்கரா, மாரி தேக்கேக்கரா தம்பதியர் நண்பர்களுடன் கூடலூரில் அக்கார்டு அமைப்பைத் தொடங்கினார்கள். 1988 டிசம்பரில் பத்தாயிரம் ஆதிவாசிகள் நில உரிமை கேட்டுக் கூடலூர்த் தெருவில் நடந்தார்கள். ஆதிவாசி முன்னேற்ற சங்கம் உருவானது. நிலம் முதலில், மருத்துவமனை அடுத்து, பள்ளி அதற்குப் பிறகு. இந்த வரிசை முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது. நிலத்துக்கு ஊர்வலம் போன மக்கள் கேட்டு வாங்கிய பள்ளி அது. யாரோ கொண்டுவந்து வைத்த பள்ளி அல்ல.

ராமா சாஸ்திரியும் ராம்தாசும் கூடலூரில் வித்யோதயா என்று ஒரு சிறிய மாற்றுப் பள்ளி நடத்திவந்தார்கள். சங்கம் கேட்டுக்கொண்டதன்பேரில் 1996இல் அது ஆதிவாசிப் பிள்ளைகளின் பள்ளியாயிற்று. பணியர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர், இருளர் என்று ஐந்து சமூகத்துப் பிள்ளைகள். அந்தச் சமூகங்களின் இளைஞர்களையும் பெண்களையும் பயிற்றுவித்து ஆசிரியர்களாக ஆக்கியதுதான் அந்தப் பள்ளி செய்த பெரிய காரியம். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் மூங்கில் வேலை, பாட்டு, காட்டு நடை என்று புகைப்படத்தில் அழகாக வருவதைப் பற்றியே எழுதுகிறார்கள். அவை நல்லவைதான். ஆனால் பிள்ளை தன் மொழியில் ஒன்றைக் கேட்டால் அதைப் புரிந்துகொண்டு தமிழுக்குப் பாலம் போடும் பெரியவர் வகுப்பில் நிற்பது புகைப்படத்தில் வராது. பெருக்கலின் இரண்டாவது எண் உயர்வது அங்கேதான்.

இதை மற்றப் பள்ளிகளோடு வைத்துப் பார்க்கலாம். பணியர் பிள்ளை முதல் வகுப்பில் பேசாமல் உட்கார்ந்திருக்கும். கூச்ச சுபாவம் என்று பதிவேட்டில் ஏறும். இரண்டாம் வகுப்பிலும் பேசாது, கவனக்குறைவு என்பார்கள். குடகுக்கு இஞ்சி வேலைக்கோ காப்பி வேலைக்கோ குடும்பம் போகும்போது பிள்ளையும் போகும், திரும்பி வரும்போது பாடம் நாற்பது பக்கம் தாண்டியிருக்கும். அதற்குப் பிறகு வராமலேயே இருந்துவிடும். இடைநிற்றல் என்று ஒரு சொல் வைத்திருக்கிறோம், ஏதோ நடந்துகொண்டிருந்த பிள்ளை நின்றுவிட்டதைப்போல. அந்தப் பிள்ளை வகுப்புக்குள் நுழைந்ததே இல்லை.

'வீட்டில் தமிழில் பேசுங்கள்' என்று பெற்றோருக்குச் சொல்லும் ஆசிரியர்கள் உண்டு. நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் தெரியாத தமிழில் தாய் பேசும்போது, பிள்ளைக்குக் கதையும் கேள்வியும் காரணமும் கிடைத்துவந்த ஒரே இடமும் வற்றிப்போகிறது. தன் மொழியில் நிறையக் கேட்டு, நிறையச் சொல்லி வளர்ந்த பிள்ளைதான் இரண்டாவது மொழியையும் நன்றாக எட்டிப்பிடிக்கிறது. 1953இலேயே யுனெஸ்கோவின் அறிக்கை தொடக்கக் கல்விக்குத் தாய்மொழியைப் பரிந்துரைத்தது. 1956இல் நம் அரசியல் சட்டத்தில் சேர்ந்த 350அ, மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழிக் கல்விக்கான வசதியை ஏற்படுத்தச் சொல்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டம் இயன்றவரை தாய்மொழியில் என்கிறது. 'இயன்றவரை' என்ற சொல்லில் எல்லாம் அடங்கிவிடுகிறது.

தமிழ்நாடு சும்மா இருக்கவில்லை. 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் எம்.பி. விஜயகுமார் ஆணையராக இருந்தபோது தொடங்கிய செயல்வழிக் கற்றல் 2007இல் மாநிலம் முழுவதும் போயிற்று. கொரோனாவுக்குப் பின் வந்த 2022 அசர் கல்விநிலை அறிக்கை, தமிழகத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 5 விழுக்காட்டுக்கும் குறைவு என்றது. அதே ஆண்டில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. ஒன்று முதல் மூன்றாம் வகுப்புவரை பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரித்து அரும்பு, மொட்டு, மலர் என்று பெயர் வைத்தார்கள். சமவெளியில் வைத்த பெயர். தேயிலை மலையில் மொட்டுதான் விலை போகும். தேயிலை பூத்தது என்றால் தோட்டத்தைக் கவனிக்க ஆளில்லை என்று அர்த்தம். இது சும்மா சொன்னது, திட்டத்தின்மேல் குறையில்லை. பிள்ளை நிற்கும் படியிலிருந்து தொடங்கு என்பது நல்ல யோசனை.

இந்தத் திட்டங்களுள் என்னை அதிகம் யோசிக்கவைத்தது 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி. மாலையில் ஒன்றரை மணி நேரம், அதே தெருவில் வசிக்கும் ஒரு தன்னார்வலர், பெரும்பாலும் பெண். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் தமிழகக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து சோதித்தார்கள். பள்ளி மூடலால் ஏற்பட்ட இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதத்தில் மீண்டது. அந்த மீட்சியில் 24 விழுக்காடு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்று கணக்கிட்டார்கள். ஆசிரியர் பட்டம் இல்லாத அக்காவால் இது எப்படி முடிந்தது? தெருவில் வளர்ந்த பிள்ளை, தெருவில் வளர்ந்த அக்கா, ஒரே பேச்சு. புரியாததை அந்தப் பேச்சிலேயே கேட்கலாம், வெட்கப்பட வேண்டாம். ஆய்வாளர்கள் இந்தக் காரணத்தைச் சொல்லவில்லை, என் ஊகம். ஊகம் சரியென்றால் மலையில் இதே திட்டத்துக்குத் தேவை தமிழ் தெரிந்த அக்கா இல்லை, பணியமும் தமிழும் தெரிந்த அக்கா.

தாளூர்ச் சோதனைச்சாவடியைத் தாண்டினால் வயநாடு. அங்கே 2017இல் கோத்ரபந்து என்ற பெயரில் கேரள அரசு, ஆதிவாசிப் பிள்ளைகள் படிக்கும் இருநூற்றுக்கு மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளில் அந்தந்தச் சமூகத்திலிருந்தே வழிகாட்டி ஆசிரியர்களை நியமித்தது. கூடலூரில் பேசும் அதே பணிய மொழிதான் அங்கேயும். ஒடிசா 2006-07இல் சாந்தாலி, சவரா, குயி, கோயா உள்ளிட்ட பத்து மொழிகளில் தொடக்கப் பாடத்தைக் கொண்டுவந்து, படிப்படியாக ஒடியாவுக்குக் கொண்டுபோகும் வழியை எடுத்தது. நமக்கு ஒடிசா வழி பொருந்துமா என்று எனக்குச் சந்தேகம். தமிழ்நாட்டில் பணியர் பத்தாயிரம் பேர் அளவில்தான். ஒரே வகுப்பில் மூன்று மொழி இருக்கும் இடத்தில் மூன்று பாடநூல் அச்சடித்தால் மூன்றும் அலமாரியில் தூங்கும். வயநாட்டு வழிதான் நமக்குக் கிட்டத்தில் இருக்கிறது, செலவும் குறைவு. பாடநூலுக்கு முன்னால் ஆள்.

எழுதுவதைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். பள்ளிகளும் அப்படித்தான் விட்டுவிடுகின்றன.

இரட்டைக்கோடு நோட்டில் பார்த்து எழுதுதல், பிறகு சொல்வதை எழுதுதல், மேல் வகுப்பில் கட்டுரை நோட்டு. கட்டுரை என்றால் நாணயத்தின் தன்வரலாறு, நான் விரும்பும் தலைவர். முந்தின இரவு வீட்டு வாசலில் யானை வந்து பலாப்பழம் தின்றுவிட்டுப் போனதைப் பார்த்த பிள்ளை, காலையில் ஒரு ரூபாய் நாணயமாகத் தன்னைக் கற்பனை செய்துகொண்டு கோனார் உரையிலிருந்து பார்த்து எழுதுகிறது. எழுத்து என்பது அடுத்தவர் சொன்னதைப் பிழையில்லாமல் திரும்ப வைப்பது என்று அது கற்றுக்கொள்கிறது.

நியூசிலாந்தில் மாவோரிக் குழந்தைகளுக்குக் கற்பித்த சில்வியா ஆஷ்டன்-வார்னர், தம் அனுபவத்தை 1963இல் ஒரு புத்தகமாக எழுதினார். ஒவ்வொரு நாளும் பிள்ளையிடம் உனக்கு இன்று என்ன சொல் வேண்டும் என்று கேட்பார். பிள்ளை கேட்ட சொல்லை அட்டையில் எழுதிக் கையில் கொடுப்பார். அச்சத்திலிருந்தும் ஆசையிலிருந்தும் வந்த சொல் ஒரே பார்வையில் பதிந்துவிடும். பாடநூல் சொல் மாதக்கணக்கில் நழுவும். இதற்குப் பெரிய உபகரணம் வேண்டாம். யானைக் கதையைப் பிள்ளை தன் மொழியில் சொல்லட்டும். மொழி தெரிந்த அக்கா அதைத் தமிழ் எழுத்தில் அப்படியே எழுதட்டும், பிள்ளையின் பெயரோடு. பணியத்தில் நான்கு வரி, அதன் கீழே தமிழில் நான்கு வரி. மறுநாள் பிள்ளை அதை வாசிக்கும்போது ஒவ்வொரு சொல்லின் முடிவிலும் 'ஓ' இருக்கும், ஏனென்றால் சொன்னது அதுவேதான். கூட்டத் தெரியாத எழுத்தைக்கூடப் பொருளைப் பிடித்துக்கொண்டு தாண்டிவிடும். பிறகு கீழ் வரிக்கு இறங்கலாம். அப்படி முப்பது பிள்ளைகளின் கதைகளைத் தைத்தால் அந்த வகுப்பின் முதல் வாசிப்பு நூல் அது. அடுத்த ஆண்டு வரும் தம்பி தங்கைகள் அதை விடமாட்டார்கள், அண்ணன் பெயர் போட்ட புத்தகம் அல்லவா.

எழுத்தில் ஒலி சரியாக வராதே, பிழை பதிந்துவிடுமே என்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். க என்ற ஒரே எழுத்தைப் பக்கம், பங்கு, பகல் என்று மூன்று விதமாக ஒலித்து வாழ்கிறோம். தமிழ் எழுத்து இதுவரை அதனால் கெட்டுப்போகவில்லை. பணிய ஒலி ஒன்று முழுதாக அடங்காவிட்டால், சொன்ன பிள்ளைக்கு அது என்ன என்று தெரியும்.

கூடலூர், பந்தலூர் வட்டாரத்தில் ஆதிவாசிப் பிள்ளைகள் படிக்கும் ஒவ்வொரு தொடக்கப் பள்ளியிலும் அவர்கள் மொழி தெரிந்த உதவி ஆசிரியர் ஒருவர், தன்னார்வலர் என்ற பெயரில் ஆயிரம் ரூபாய்க்கு அல்லாமல், சம்பளமுள்ள நிரந்தரப் பணியில் வேண்டும். பத்தாவது, பன்னிரண்டாவது முடித்த பணியர் பெண்கள் இப்போது ஊர்களில் இருக்கிறார்கள். முப்பதாண்டுகளுக்கு முன் இந்தக் கோரிக்கைக்கு ஆள் கிடைக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம், இன்று சொல்ல முடியாது. 2024 பிப்ரவரி நிதிநிலை அறிக்கையில் தோடர், கோத்தர், சோளகர், காணி, நரிக்குறவர் மொழிகளை ஆவணப்படுத்த 2 கோடி ரூபாய் ஒதுக்குவதாகத் தமிழக அரசு அறிவித்தது. பணிய மொழி அந்தப் பட்டியலில் இல்லை.